மிஸ்ட்டுக்குப் பின்னாடி ரோடு இருக்கா?

(வாசகர் கேள்வி பதில், இந்த வாரம் கோத்தகிரியில இருந்து)

கேள்வி: அண்ணா, நானும் என் ஃப்ரெண்டும் காலேஜ் லீவுல ஒரு வீடியோ கேம் பண்ணிட்டு இருக்கோம். ராத்திரி மிஸ்ட்டுல மலை ஊர் ஒண்ணுல ஒருத்தன் வழி தெரியாம மாட்டிக்கிறான், அவ்ளோதான் கதை. அது எந்த ஊரு எந்த வருஷம்னு தெளிவா இருக்கணும்ங்கிறான் அவன். 'ஏதோ ஒரு மலை'ன்னு விட்டாதான் மர்மமா இருக்கும்னு எனக்கு தோணுது. யார் சொல்றது சரி?
- பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகர், அருவங்காடு

பதில்: தம்பி, நீங்க ரெண்டு பேரும் வேற வேற விஷயத்துக்கு சண்டை போடறீங்க. செய்யற நமக்கு ஊரு தெரிஞ்சிருக்கணும்ங்கிறது அவர் கட்சி, விளையாடறவன்கிட்ட எல்லாத்தையும் கொட்டக்கூடாதுங்கிறது உங்க கட்சி. ரெண்டும் ஒண்ணா போகுமே.

டார்க் சோல்ஸ்ங்கற கேம எடுத்துக்கோங்க, 2011ல வந்தது. ஆரம்பத்துல ஒரு சின்ன அறிமுகம், அதுக்கப்புறம் யாரும் உக்கார வெச்சு கதை சொல்ல மாட்டாங்க, நாம பொறுக்கற கத்தி மோதிரம் மேல எழுதியிருக்கற ரெண்டு மூணு வரியில இருந்துதான் இங்க என்ன நடந்துச்சுன்னு ஊகிக்கணும். ஆனா அந்த ஊரு குழப்பமான ஊரான்னா இல்லவே இல்ல. அடிபட்டு மிதிபட்டு ஒரு சர்ச் வரைக்கும் போயி அங்க இருக்கற லிஃப்ட்ல கீழ இறங்கினா, முதல்ல கிளம்பின அதே நெருப்புக்கிட்ட வந்து நிப்போம். கீழ் குன்னூர் மார்க்கெட்டுல ஏதோ சந்துல நுழைஞ்சு படி ஏறினா திடீர்னு மேல் குன்னூர்ல தலைய நீட்டுவோமே, அந்த மாதிரி ஒரு 'அட'. எது எதுக்கு கீழ இருக்குன்னு செஞ்சவங்களுக்கு துல்லியமா தெரிஞ்சிருக்கு, அதனாலதான் நமக்கு சொல்லாமயே விட முடிஞ்சுது.

உங்க மிஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். சைலண்ட் ஹில்னு ஒரு திகில் கேம் 1999ல பிளேஸ்டேஷன்ல வந்தப்ப ஊரு பூரா மூடுபனி. காரணம் முதல்ல பயமுறுத்தல் இல்ல, அந்த மெஷினால தூரத்துல இருக்கற கட்டடத்தை எல்லாம் வரைய முடியாது, அதை மறைக்க ஒரு திரை வேணும். அந்தத் திரையே ஊராயிடுச்சு, இன்னிக்கு சைலண்ட் ஹில்னு சொன்னா மிஸ்ட்டுதான் ஞாபகம் வருது. அப்பறம் 2012ல ரெண்டாவது பார்ட்ட ஹெச்டியில திருப்பி விட்டப்ப பனி சரியா அமையல, தூரத்துல மேப்போட விளிம்பு தெரிஞ்சிடுச்சு, ஜனங்க திட்டித் தீர்த்துட்டாங்க. இதை ஏன் சொல்றேன்னா, இதுல நான் சொல்றதுக்கு எதிரான ஒரு பாயிண்ட்டும் இருக்கு, மிஸ்ட்டுக்குப் பின்னாடி நிஜமாவே ஒண்ணும் இல்லாம கூட ஒரு ஊரு நிக்கும். ஆனா மிஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், நம்ம கைக்கு எட்டற பத்தடியில, தெரு எங்க திரும்புது எந்தக் கதவு பூட்டியிருக்குங்கிறது எல்லாம் கெட்டியா இருந்துச்சு, மேப்ப கையில வெச்சு பாத்துக்கிட்டே நடப்போம். அந்தப் பத்தடியும் 'ஏதோ ஒரு தெரு'ன்னு இருந்தா யாருக்கும் பயமே வந்திருக்காது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊட்டியில இருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்டுல மிஸ்ட் இறங்கினா வண்டி ஓட்டறவருக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது, ஆனா 36 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்குன்னு தெரியும், செகண்ட் கியர்லயே இறங்கணும்னு தெரியும், பிரேக்க மிதிச்சுட்டே வந்தா சூடாகி புடிக்காம போயிடும்னு தெரியும். கண்ணுக்கு தெரியாததும் தெளிவில்லாததும் வேற வேற. உங்க கேமுக்கு இதையே எடுத்துக்கலாமே, ஊரு பேர ஸ்க்ரீன்ல போட வேணாம், ஆனா 'மேல ஏறற வண்டிக்கு வழி விடணும்', 'டார்ச் இல்லாம வெளிய போனா காட்டெருமை நிக்கறது தெரியாது', 'கோயில் விளக்குல எண்ணெய் இருந்தா கரடி வரும்', இதெல்லாம் விதியா வைங்க. ரெண்டு மூணு தடவ செத்துப் பொழைச்சா விளையாடறவனே அந்த ஊர்க்காரன் ஆயிடுவான். பேர நாலு பக்கம் எழுதி வரலாறு சொல்றதவிட எண்ணெய் வெச்சா கரடி வருதுங்கிறது நூறு மடங்கு தேவலாம்னு நெனைக்கறேன்.

வருஷம் மட்டும் உங்களுக்குள்ள முடிவு பண்ணிடுங்க, அதுல உங்க ஃப்ரெண்டு பக்கம்தான் நான். 1890ல நடக்கற கதைன்னா குன்னூர்ல ட்ரெயின் சத்தம் கேக்கக்கூடாது, குன்னூருக்கு ரயில் வந்தது 1899, ஊட்டிக்கு 1908. 1800க்கு முன்னன்னா கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கெடையாது தேயிலையும் கெடையாது, சோலையும் புல்வெளியும்தான், மலையோட கலரே வேற. ஃபயர்வாட்ச்னு ஒரு கேம் 2016ல வந்துச்சு, அமெரிக்கால வயோமிங் காட்டுல 1989ல கோடைக்கு தீ பாக்கற கோபுரத்துல வேலைக்கு வர்றவன் கதை. வருஷம் 1989ங்கறதால செல்ஃபோன் கெடையாது, ஒரு வாக்கி டாக்கி, ஒரு பேப்பர் மேப், ஒரு காம்பஸ், அவ்ளோதான். அந்தத் தனிமை மொத்தமும் அந்த ஒரு வருஷத்துல இருந்து வருது. உங்க ஆளு மிஸ்ட்டுல மாட்டினா கூகுள் மேப்ப ஏன் பாக்கலன்னு முதல் ஆளே கேப்பான், 'சிக்னல் இல்ல'ன்னு சொல்லிக்கலாம், நம்ம பக்கம் அது பொய்யும் இல்ல, இருந்தாலும் முடிவ இப்பவே எடுங்க.

கேள்வி: நிஜ ஊரை வெச்சு பண்ணா எல்லாம் அப்படியே இருக்கணுமா? ஒரு கடை மாறினாகூட குத்தம் சொல்லுவாங்களே.
- வாசகி, குன்னூர்

பதில்: சொல்லத்தான் செய்வாங்க, நம்மாளுங்களுக்கு வர்க்கி கடை இடது பக்கமா வலது பக்கமான்னு சண்டை போடலன்னா தூக்கம் வராது. அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டிங்கற கேம் பிரெஞ்சு புரட்சி காலத்து பாரிஸ்ல நடக்குது, ஆனா அதுல நோத்ர் தாம் சர்ச் மேல நிக்கற ஊசிக் கோபுரம் 19ம் நூற்றாண்டுல கட்டினது. அது இல்லன்னா பாக்கறவங்களுக்கு அது நோத்ர் தாம் மாதிரியே இருக்காது. தப்புதான், ஆனா தெரிஞ்சே செஞ்ச தப்பு, மன்னிக்கலாம். ஜிடிஏ கேம் செஞ்ச ஆளுங்க இன்னும் உஷாரு, லாஸ் ஏஞ்சலஸ லாஸ் சாண்டோஸ்னு பேர மாத்திட்டா ரோட்ட எப்படி வேணா வளைச்சுக்கலாம், ஊரு எதுன்னு எல்லாருக்கும் தெரியும், கேள்வியும் கேக்க முடியாது. 2017ல வந்த அன்சார்ட்டட் லாஸ்ட் லெகசிங்கற கேம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலதான் நடக்குது, ஹொய்சாளர் இடிபாட்டுக்குள்ள ஜீப்புல சுத்தறாங்க. அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆனா அவ்ளோ ஈரக் காட்டுல எனக்கு ஒரு அட்டைகூட கடிக்கல பாருங்க, அங்கதான் வெளியூர்க்காரங்க செஞ்சதுன்னு தோணிடுச்சு.

கேள்வி: இடமே இல்லாத கேம் நல்லா இருக்காதா?
- வாசகர், ஊட்டி

பதில்: ஏன் இருக்காது, டெட்ரிஸ் 1984ல இருந்து ஓடுது, அது எந்த ஊருன்னு யாராவது கேட்டாங்களா. கட்டை விழுது, அடுக்கறோம். உங்க ஊர்லயே ஒரு சாட்சி இருக்கு, ஸ்னூக்கர் ஜபல்பூர்ல பொறந்தாலும் அதோட விதிய எழுதி மாட்டினது 1882ல ஊட்டி க்ளப்புலதான்னு சொல்லுவாங்க. பச்சைத் துணி, பந்து, விதி, போதும். ஒருத்தனை 'நீ இங்க இருக்க, இங்கிருந்து தப்பிக்கணும்'னு சொல்லிட்டீங்கன்னா மட்டும்தான் அந்த இடத்தை கெட்டியா காட்டற கடன் உங்க தலையில வந்துடுது.

கேள்வி: எங்க பையன் ஜன்னல தொறந்தா தொட்டபெட்டா தெரியுது, அவன் போன்ல எங்கியோ இருக்கற தீவுல குதிச்சுட்டு இருக்கான். என்ன சொல்லி புரிய வெக்கறது?
- ஒரு அம்மா, ஊட்டி

பதில்: திட்டாதீங்கம்மா, ஒரு நாள் பக்கத்துல உக்காந்து அந்த மேப்ப பத்தி கேளுங்க. எங்க குதிச்சா துப்பாக்கி கெடைக்கும், எந்தப் பாலத்துல ஆள் ஒளிஞ்சிருப்பான், எந்த வீட்டு மாடி சேஃப்னு ஒப்பிப்பான் பாருங்க, நம்ம தாத்தா காலத்து ஆளுங்க காட்டு வழிய சொன்ன மாதிரியே இருக்கும். அதுக்கப்புறம் மெதுவா கேளுங்க, நம்ம வீட்டுல இருந்து தொட்டபெட்டாவுக்கு ரோட்ட விட்டுட்டு நடந்து போறதுக்கு எது வழின்னு. தெரியாதும்பான். அடுத்த ஞாயித்துக்கிழமை தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டு கூட்டிட்டு போங்க, ஸ்வெட்டர் மறக்காதீங்க, மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்கிடும்.