நெடுஞ்சாலையில் வேகத்துக்கு அபராதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நெடுஞ்சாலையில் போலீசார் காரை நிறுத்தி, வரம்பை மீறி வேகமாக வந்ததாகச் சொல்லி அபராதச் சீட்டு எழுதினார்கள். குழப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டதா?

பதில்: பெரும்பாலான இடங்களில் அப்படி ஆகாது. சீட்டு உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கும், குறித்த தேதிக்குள் பணம் கட்டுவீர்கள் அல்லது நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வீர்கள் என்பதற்கும் நீங்கள் தரும் உறுதிதான் அந்தக் கையெழுத்து. மறுப்பதில்தான் சிக்கல் அதிகம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் கையெழுத்திட மறுப்பவரைக் கைது செய்யவும் சட்டம் இடம் தருகிறது. எனினும், கையெழுத்துக்கு மேலே அச்சிட்டிருப்பதை இப்போதாவது ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

சாலையோரம் வாதாடுவதற்கு ஏற்ற இடமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பதற்றத்தில் ‘அவசரமாகப் போக வேண்டியிருந்தது’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, வேகமாக வந்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாகக் குறித்துக்கொள்ளப்படலாம். வீடு திரும்பியதும், நினைவு மங்குவதற்குள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள், முன்னும் பின்னும் எந்த வாகனங்கள் சென்றன, வேக வரம்புப் பலகை கடைசியாக எங்கே கண்ணில் பட்டது, மழையா வெயிலா, அதிகாரி எங்கே நின்றிருந்தார் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். டேஷ்கேம் இருந்தால் அதன் பதிவை அன்றைக்கே தனியாகச் சேமியுங்கள், ஏனெனில் பல கருவிகள் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும்.

கேள்வி: என் ஸ்பீடோமீட்டர் முள் 100-ஐத் தாண்டவே இல்லை. சீட்டில் மணிக்கு 118 கிலோமீட்டர் என்று இருக்கிறது. முள்ளை நம்புவதா, அவர்கள் கருவியை நம்புவதா?

பதில்: பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 39-ஆம் எண் வாகன விதிமுறைப்படி, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது; கூட்டிக் காட்டலாம். எவ்வளவு கூட்டலாம் என்றால், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் 4 கிலோமீட்டரும். அதாவது வண்டி உண்மையில் 100-இல் ஓடும்போது முள் 114 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. ஆகவே முள் 100-இல் நின்றது உறுதியானால், உங்கள் உண்மையான வேகம் 100 அல்லது அதற்கும் கீழே இருந்திருக்க வேண்டும். நிறுவனம் பொருத்திய அளவைவிடப் பெரிய டயர்களை நீங்கள் மாட்டியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது முள் குறைவாகக் காட்டும். அதை முதலில் சரிபாருங்கள்.

டயர் மாறவில்லை, முள்ளைக் கவனித்ததும் நிச்சயம் என்றால், ‘அந்த அளவீடு என் வாகனத்துடையதுதானா’ என்பதே நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி. ரேடார், தான் அனுப்பும் அலையின் அதிர்வெண்ணுக்கும் வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. அதன் கற்றை தூரம் கூடக்கூட விரிந்துகொண்டே போவதால், நெரிசலான சாலையில் பக்கத்துத் தடத்தில் வந்த பெரிய லாரியின் எதிரொலியே வலுவாகத் திரும்பியிருக்க வாய்ப்புண்டு. லேசர் கருவியின் கற்றை மிகக் குறுகியது என்பதால், அங்கே இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது. கருவியைச் சாலைக்குச் சாய்வான கோணத்தில் வைத்திருந்தார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் நிலையாக நின்று அளக்கும் கருவியில் கோணம் கூடினால் வேகம் குறைந்துதான் பதிவாகும், அது ஓட்டுநருக்குச் சாதகமான பிழை. இரண்டு கேமராக்களுக்கு இடையே கடந்த தூரத்தை நேரத்தால் வகுத்துச் சராசரி வேகம் கண்டிருந்தால், வேறு வாகனத்தின் எதிரொலி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எந்தக் கருவி, அது கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அதற்குச் சான்றிதழ் உண்டா, இயக்கியவர் உரிய பயிற்சி பெற்றவரா என்ற விவரங்களை எழுத்து மூலமாகக் கேளுங்கள். புகைப்படம் இருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். சில நாடுகள் கருவியின் பிழைக்கென்று ஒரு பகுதியைக் கழித்த பிறகே வழக்குப் பதிகின்றன. ஜெர்மனியில் 100 வரையிலான வேகத்துக்கு வழக்கமாக 3 கிலோமீட்டரும், அதற்கு மேல் 3 விழுக்காடும் கழிக்கிறார்கள்.

கேள்வி: சீட்டில் என் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது. இதைக் காட்டினாலே வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: நம்ப வேண்டாம். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ள நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. வாகன எண்ணோ, சாலையோ, சென்ற திசையோ தவறாக இருந்தால் அது வேறு; அவை குற்றச்சாட்டின் உள்ளடக்கத்தையே தொடுபவை.

கேள்வி: தொகை பெரிதில்லை. வழக்கு, அலைச்சல் எல்லாம் வேண்டாம் என்று கட்டிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் அல்லவா?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். பல நாடுகளில் பணம் கட்டுவதே குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகும். பிரான்சில் சட்டமே அப்படிச் சொல்கிறது; அமெரிக்க மாநிலங்களிலும் பெரும்பாலும் அதுதான் நிலை. கட்டிய பிறகு ‘நான் குற்றமற்றவன்’ என்று திரும்பிப் போவது மிகக் கடினம். பணம் ஒருமுறைதான் போகும். ஆனால் லைசென்சில் ஏறும் பாயிண்டுகள், அதாவது குற்றத்துக்காகப் பதியப்படும் தண்டனைப் புள்ளிகள், ஆண்டுக்கணக்கில் நிற்கலாம், இன்சூரன்ஸ் பிரீமியம் உயரலாம், ஓட்டுநர் வேலையில் இருப்பவருக்குப் பிழைப்பே பாதிக்கப்படலாம். எனவே கட்டுவதற்கு முன், இந்தக் குற்றத்துக்கு எத்தனை பாயிண்டு, அதற்கு மாற்றாகப் பயிற்சி வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். பிரிட்டனில் வரம்பைச் சிறிதளவு மீறியவர்களுக்கு வேக விழிப்புணர்வு வகுப்பை முன்வைப்பதுண்டு; அதை முடித்தால் பாயிண்டு ஏறாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இதுபோன்ற ஏற்பாடு இருக்கிறது.

எதிர்த்து வழக்காடுவதிலும் விலை உண்டு. தோற்றால் நீதிமன்றச் செலவு சேரலாம், முதலில் கேட்ட தொகையைவிட அபராதம் கூடலாம். உண்மையிலேயே அந்த வேகத்தில் சென்றிருந்தால் பொய்க் காரணம் தேடாமல் பயிற்சி வகுப்பைக் கேட்டு வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. செல்லவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எதிர்த்து நில்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தேதியைத் தவற விடாதீர்கள். பதிலே அனுப்பாமல் இருப்பவருக்குக் கூடுதல் அபராதமும், லைசென்ஸ் முடக்கமும், சில இடங்களில் பிடியாணையும் வருகின்றன. வலுவான எதிர்வாதம் கையில் இருந்தும் கெடு தாண்டியதால் அதைச் சொல்லவே வாய்ப்பில்லாமல் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: கேமரா நோட்டீஸ் என் பெயருக்கு வந்திருக்கிறது. அன்று ஓட்டியது என் மகன். பழியை நானே ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கேமரா பார்ப்பது எண் பலகையை; அதனால்தான் நோட்டீஸ் உரிமையாளருக்கு வருகிறது. ஓட்டியவர் யார் என்று கேட்டால் உண்மையை எழுதுங்கள். பிரிட்டனில் அந்தக் கேள்விக்கு 28 நாட்களுக்குள் பதில் தராததே தனிக் குற்றம். அதற்கான பாயிண்டுகள் சாதாரண வேக மீறலுக்கு உரியவற்றைவிட அதிகம். பொய்ப் பெயர் எழுதுவது அதைவிடப் பெரிய குற்றமாகி, சிறைவரை கொண்டுபோகக்கூடும். மகன் மீதுள்ள அன்பால் இப்படிச் செய்யத் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஓர் அபராதத்திலிருந்து அவரைக் காக்கப்போய் இருவரையும் குற்ற வழக்கில் சிக்க வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: உறவினரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது பிடிபட்டேன். இது ஏற்கத்தக்க காரணம் ஆகாதா?

பதில்: மருத்துவமனையில் சேர்த்த நேரம் குறிக்கப்பட்ட சான்றை இணைத்து எழுதுங்கள், குற்றம் நீங்காவிட்டாலும் அபராதத்தைக் குறைக்க அது உதவலாம். ஆனால் ஒரு கணக்கை மட்டும் அக்கறையோடு உங்கள் முன் வைக்கிறேன். 50 கிலோமீட்டர் தூரத்தை 100-க்குப் பதில் 120-இல் கடந்தால் மிச்சமாவது 5 நிமிடம். பிரேக் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் 44 விழுக்காடு நீள்கிறது. 100-இல் வந்த வண்டி பிரேக் பிடித்து முழுதாக நின்றுவிடும் இடத்தில், அதே இடத்திலிருந்து பிரேக் பிடித்த 120 வேக வண்டி இன்னும் ஏறத்தாழ 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளி உள்ளே இருக்கும்போது அந்த 66-இல் மோதுவதை எண்ணிப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் ஆம்புலன்சை அழையுங்கள். முதலுதவியும் வழியிலேயே கிடைக்கும்.

கேள்வி: ‘அபராதம் நிலுவையில் உள்ளது, இந்த இணைப்பில் உடனே கட்டவும்’ என்று மொபைலுக்குச் செய்தி வந்திருக்கிறது. கட்டலாமா?

பதில்: அந்த இணைப்பைத் தொடாதீர்கள். இப்படியான போலிச் செய்திகள் பல நாடுகளில் உலவுகின்றன. அரசுத் துறையின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, உங்கள் வாகன எண்ணைக் கொடுத்து, நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே கட்டுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தியைக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்குத் தெரிவித்துவிட்டு அழித்துவிடுங்கள்.