காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது, மனிதன் மீது ஏன் பழி?

பூமி பலமுறை சூடாகியும் குளிர்ந்தும் இருக்கையில் மனிதனை மட்டும் குற்றம் சொல்வது எப்படிச் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இக்கேள்வியோடு யாரோ உங்களை மடக்கியிருப்பார்கள் என எண்ணுகிறேன். என்னை மடக்கியவர் என் மைத்துனர்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, பேராவூரணிப் பக்கமுள்ள எங்கள் தோப்பில் 120 தென்னைகளில் 11 மட்டுமே நின்றன. (வேரோடு சாய்ந்தவற்றை மட்டும் எண்ணி, குருத்து முறிந்து நின்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல் போன அலுவலரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.) அடுத்த மாதம் ஒரு காதணி விழாப் பந்தியில், இதெல்லாம் காலநிலை மாற்றம் செய்த வேலை என்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன். "1952-இலும் 1977-இலும் நாகப்பட்டினத்தைப் புயல் புரட்டிப் போட்டதே மச்சான், அதற்கு எந்தக் காரின் புகை காரணம்?" என்றார் அவர். பந்தியே சிரித்தது.

தவறு என்னுடையதுதான். புயல்கள் என்றும் வந்தவையே. ஒரு புயலைக் காட்டி வழக்காட முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், வருகிற புயல் கொட்டும் மழை கூடும் என்ற அளவில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் அறிவியலாளன் அல்லன், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்; வெளிநாட்டு நிதி வாங்கியவன் என்று சொல்ல நினைப்பவர்கள் என் ஓய்வூதியப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பூமியின் சுற்றுப்பாதை மாற்றத்தால் பனியூழிகள் வந்துபோனது உண்மை. ஆனால் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயுவோ, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் 420 பங்கைத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாகியிருக்க வேண்டும். நாம் வாழும் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கோ குளிர்கிறது. கரியமில வாயு பெருகினால் நிகழ வேண்டியது இதுவே.

இதைப் பின்னொரு நாள் தாளில் படம் வரைந்து விளக்கியபோது மைத்துனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மச்சான், அந்தக் கரியில் நம் பங்கு எவ்வளவு?" என்றார். ஆண்டுக்குச் சராசரியாக ஓர் இந்தியருக்கு ஏறத்தாழ 2 டன், ஓர் அமெரிக்கருக்கு ஏறத்தாழ 14 டன் என்றேன். அதில் மட்டும் எங்களுக்குள் வாதமே எழவில்லை.