அத்தை ஏன் வாயைப் பொத்த வேண்டும்?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒன்றரை வருடமாக ப்ரூனோ என்ற லாப்ரடார் வளர்க்கிறோம். மாதம் 8,000 ரூபாய் கொடுத்து ட்ரெயினர் வைத்திருக்கிறோம். சிட், ஸ்டே, கம், டவுன், நோ எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் முன்னால் அத்தனையும் செய்கிறது. நாங்கள் ‘கம்’ என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, சில நேரம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆனால் என் மாமியார் ‘வா கண்ணு’ என்றால் எங்கிருந்தாலும் ஓடுகிறது. வீட்டில் இரண்டு மொழி பேசினால் நாய் குழம்பும், பெரியவர் தமிழில் பேசுவதை நிறுத்தினால்தான் சரியாகும் என்கிறார் ட்ரெயினர். அதனால் இரண்டு மாதத்துக்கு ப்ரூனோவிடம் பேச வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டோம். அவரும் சரி என்றார். இப்போது அது எதிரில் வந்தாலே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறார், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு மாதம் ஆகியும் ப்ரூனோ மாறவில்லை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருகிறோம், அதனால் நேரமும் இல்லை. கமாண்டை எப்படிச் சொன்னால் கேட்கும்? ட்ரெயினரை மாற்றலாமா? நான்கு வகுப்பு பாக்கி, பணம் கட்டியாகிவிட்டது.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோவை

பதில்: நாய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று மாதத்துக்கு இரண்டு கடிதமாவது வந்துவிடுகிறது. செருப்பைக் கடிக்கிறது, கேட்டைத் திறந்தால் ஓடுகிறது, வந்தவர் மேல் தாவுகிறது. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்திருப்பேன். ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ‘பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.’

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ப்ரூனோவின் வயதை எழுதியிருக்கிறீர்கள். அது எந்த ஜாதி நாய், ட்ரெயினருக்கு மாதம் எவ்வளவு, எத்தனை வகுப்பு பாக்கி, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அத்தைக்கு என்ன வயது, மாமா இருக்கிறாரா இல்லையா, பகலில் அவருக்குத் துணை யார், ஒன்றும் இல்லை. எட்டரைக்குப் போய் எட்டுக்கு வருகிறீர்கள். பதினொன்றரை மணி நேரம். வேறு யாரைப் பற்றியும் நீங்கள் எழுதாததால், அந்த நேரம் முழுக்க வீட்டில் இருப்பது இரண்டே ஜீவன்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுக்குப் பேச வராது. இன்னொன்றைப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள்.

‘அவரும் சரி என்றார்’ என்கிறீர்கள். வேறு என்ன சொல்வார்? மகன் வீட்டில் இருக்கும் தாய் மகனும் மருமகளும் சேர்ந்து வந்து ஒன்றைச் சொன்னால் சரி என்றுதான் சொல்வார். அது சம்மதம் இல்லை, அந்த வயதில் வந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்திலும் அவர் அந்தச் சொல்லை மீறியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தவறிப்போய் ஒரு ‘கண்ணு’ வாயிலிருந்து விழுந்துவிடக் கூடாதே என்றுதான் தலைப்பை வாயில் வைக்கிறார். மனசு வலிக்காமல் ஒரு மனுஷி அப்படிச் செய்வாரா?

இனி ப்ரூனோவுக்கு வருகிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது.

உலகத்திலேயே அதிகச் சொற்கள் கற்ற நாய்களில் ஒன்று அமெரிக்காவின் தென் கரோலைனாவில் இருந்தது. சேஸர் என்று பெயர், பார்டர் கோலி ஜாதி. 1,022 பொம்மைகளை ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னால் அது அதுவாகப் பொறுக்கி எடுத்துவரும். 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர். அப்போது பணியிலிருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டிய கிழவர். தினம் நாலைந்து மணி நேரம், மூன்று வருடம். ஒரு பொம்மையைக் காட்டுவார், பெயரைச் சொல்வார், விளையாடுவார், ஒளித்துவைப்பார், மறுபடி பெயரைச் சொல்வார். சேஸர் கெட்டிக்கார நாய்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டோடு இருக்கிற, நேரம் இருக்கிற, ஒரே சொல்லைச் சலிக்காமல் நாற்பது தடவை சொல்லக்கூடிய ஒரு பெரியவர் அதற்குக் கிடைத்தார். உங்கள் வீட்டில் சம்பளம் கேட்காமல் அப்படி ஒருவர் இருந்தார். அவருக்குத்தான் லீவு கொடுத்துவிட்டீர்கள்.

இரண்டு மொழி என்றால் நாய் குழம்பும் என்று ட்ரெயினர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. ஒரே செயலுக்கு வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல் வைத்தால் புதிதாகப் பழகும் நாய் தடுமாறும். அது வாஸ்தவம். ஆனால் நாய்க்கு ஆங்கிலம் என்ன, தமிழ் என்ன? அதற்கு ‘கம்’ ஒரு சத்தம், ‘வா கண்ணு’ இன்னொரு சத்தம், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஓடிவரும்படி தாராளமாகப் பழக்கலாம். மொழிகள் வேறு என்பதைக்கூட அவை உணர்கின்றன. மெக்ஸிகோவிலிருந்து ஹங்கேரிக்கு வேலைக்குப் போன லாரா குயாயா என்ற ஆய்வாளர், தன்னோடு கூட்டிப்போன குன்-குன் என்ற நாய் உட்பட 18 நாய்களை ஸ்கேன் இயந்திரத்தில் அசையாமல் படுக்கவைத்து, ஒரே கதையை ஸ்பானிஷிலும் ஹங்கேரியிலும் வாசித்துக் கேட்கவைத்தார். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் மூளை வேறு வேறு மாதிரி வேலை செய்தது. 2022-இல் வந்த ஆய்வு அது. கனடாவில் அதே காலத்தில் வளர்ப்பவர்களிடம் பட்டியல் கொடுத்துக் கேட்டபோது, ஒரு நாய் சராசரியாக 89 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் சரியாக நடந்துகொள்கிறது என்று தெரியவந்தது. மிகக் குறைவு 15, மிக அதிகம் 215. நீங்கள் ஐந்து கமாண்டுக்கு மாதம் 8,000 கொடுக்கிறீர்கள். மீதியை ப்ரூனோ யாரிடம் கற்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அத்தை ‘வா கண்ணு’ என்றால் என்ன நடக்கும்? ஒரு பிடி தயிர்சாதம் கிடைக்கும், இல்லை காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவார், ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்தில் உட்காரவாவது இடம் கிடைக்கும். நீங்கள் ‘கம்’ என்றால்? ஊகித்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் எழுதுங்கள். குளிக்கவைக்க, சங்கிலியில் கட்ட, ஊசி போட டாக்டரிடம் கூட்டிப்போக, சோபாவைக் கடித்ததற்குத் திட்ட. வந்தால் வம்பு என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. கட்டிலுக்கு அடியில் போவது, ‘கம்’ புரியாததால் அல்ல, நன்றாகப் புரிந்ததால். அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது, கொஞ்ச நாள் தூக்கி வையுங்கள். ‘வா கண்ணு’ நன்றாகத்தான் இருக்கிறது, அதையே நீங்களும் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் அது உங்கள் பாடு.

அப்படிக் கூப்பிட்டு வந்தால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நல்லது மட்டும் நடக்கட்டும். குளிக்கவைக்க வேண்டுமானால் நீங்களே எழுந்து போய் அழைத்துவாருங்கள். ஒரு தடவை சொல்லுங்கள், காத்திருங்கள். ‘கம் கம் கம் ப்ரூனோ கம்’ என்று மழை மாதிரிப் பொழிந்தால் அது வெறும் சத்தம். சோபாவிலிருந்து இறங்கவும் ‘டவுன்’, தரையில் படுக்கவும் ‘டவுன்’ என்று சொல்லும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கு வேறு சொல் வையுங்கள். கையையும் கவனியுங்கள். வாய் ஒன்று சொல்லிக் கை வேறொன்று காட்டினால் நாய் பெரும்பாலும் கையைத்தான் நம்பும். அப்புறம், செல்போனைப் பார்த்துக்கொண்டே ‘குட் பாய்’ சொல்லாதீர்கள். புடாபெஸ்டில் 2016-இல் 13 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். பாராட்டும் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தால்தான் அவற்றின் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக விழித்தது. சொல் மட்டும் இருந்து குரலில் ஒன்றும் இல்லையென்றால் அப்படி விழிக்கவில்லை. மனிதர்களுக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, அதற்கு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் முன்பு ஒரு நாட்டு நாய் இருந்தது. ‘பிஸ்கட்’ என்ற சொல் காதில் விழுந்தால் டப்பா முன்னால் போய் நிற்கும் என்பதால் ‘வட்டச் சாமான்’ என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தோம். இரண்டு வாரம் தாங்கியது. அப்புறம் ‘வட்ட’ என்று வாயெடுத்தாலே டப்பா முன்னால் நிற்கும். அதற்கு யாரும் கமாண்ட் சொல்லித்தரவில்லை. வீட்டுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அது கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சே இல்லாத வீட்டில் நாய் எதைக் கற்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மாமியார் கடைசிக் காலத்தில் அடுப்படியில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருப்பார். ‘நீ எங்க போய்க் கவுந்த’ என்று கரண்டியைக் கேட்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். வேலை முடித்து வந்து அவர் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் நாய்கூட இல்லாத காலம் அது. அதனால்தான் உங்கள் வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பெற்றவர்களை வீட்டில் வைத்துச் சோறு போடுவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவள் இல்லை நான். அவர்களிடம் பேச வேண்டும், அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். உங்களுக்கு நேரம் இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்குப் பதிலாக அந்த வேலையை ப்ரூனோ பார்த்துக்கொண்டிருந்தது. வாலை ஆட்டி, காதைத் தூக்கி, அத்தை சொன்னதை எல்லாம் கேட்டது. அதையும் பொறுக்காமல் நடுவில் புகுந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் தடையை எடுத்துவிட்டேன் என்று அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள். கணவரை அனுப்பாதீர்கள். ‘தப்புப் பண்ணிட்டேன் அத்தை’ என்ற வார்த்தையும் கூடவே வரட்டும். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ப்ரூனோவுக்கு என்னென்ன சொல் தெரியும் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எது சொன்னால் எழும், எது சொன்னால் படுக்கும், தபால்காரர் வந்தால் என்ன சொல்வார், கோபம் வந்தால் எப்படித் திட்டுவார், எல்லாம். பட்டியல் அரை மணி நேரத்தில் முடியாது, காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். முடிந்ததும் அந்த நோட்டைக் கணவருக்கும் கொடுங்கள். அதில் இருக்கிற சொற்களைத்தான் இனிமேல் வீட்டில் எல்லோரும் பயன்படுத்த வேண்டும்.

ட்ரெயினரை மாற்ற வேண்டாம், கட்டிய பணத்தையும் திருப்பிக் கேட்க வேண்டாம். பாக்கி இருக்கிற நான்கு வகுப்புக்கும் அத்தைக்கு ஒரு நாற்காலி போடுங்கள். கூப்பிடுவது அவராக இருக்கட்டும், நீங்களும் ட்ரெயினரும் நின்று கவனியுங்கள்.