முடக்குவாதம் இருக்கும்போது கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பத்து வருடமாக முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கிறேன், வலி கூடினால் நடுவில் ஸ்டீராய்டும் சேரும். மூன்று மாதமாகப் பின்கழுத்தில் வலி, கொஞ்ச நாளாக விரல் நுனிகள் மரத்த மாதிரி இருக்கின்றன. எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை. ஒரு சிகிச்சையாளர், கழுத்தைப் பிடித்து ஒரே ஒரு திருப்பு, சரியாகிவிடும் என்கிறார். பயமாக இருந்தால் மெதுவாக அசைத்துவிடும் மொபிலைசேஷன் மட்டும் செய்யலாம், அதில் ஆபத்தே கிடையாது என்றும் சொல்கிறார். போகலாமா?

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள். திருப்புவதும் வேண்டாம், மெதுவாக அசைப்பதும் வேண்டாம். பதில் அவ்வளவுதான், ஆனால் காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள், அதாவது முடக்குவாதம், ஸ்டீராய்டு, மரத்துப்போகும் விரல்கள், இந்த மூன்றில் எது ஒன்று இருந்தாலும் கழுத்தில் கை வைப்பதற்கு முன்னால் நான் நின்று யோசிப்பேன். உங்களுக்கு மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

முதலில் இரண்டு சிகிச்சைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடுவோம். மேனிபுலேஷன் என்பது மூட்டை அதன் அசைவின் கடைசி எல்லை வரை கொண்டுபோய், அங்கிருந்து சின்னதாக, ஆனால் படுவேகமாக ஒரு தள்ளு தள்ளுவது. நகரும் தூரம் மிகக் குறைவு, வேகம்தான் அதிகம், ஆரம்பித்துவிட்டால் நீங்கள் "போதும்" என்று சொல்வதற்குள் முடிந்திருக்கும். மொபிலைசேஷன் மெதுவாக முன்னும் பின்னும் அசைப்பது. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் மெய்ட்லண்ட் இதை நான்கு படிகளாகப் பிரித்தார், எங்கள் தொழிலில் இன்றும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறோம். முதல் இரண்டு படிகள் மூட்டு எதிர்ப்பே காட்டாத இடத்தில் நடக்கும் லேசான அசைவு. மூன்றும் நான்கும் எதிர்ப்புக்குள்ளேயே போய் அழுத்துபவை. அதற்கு மேல் ஐந்தாவதாகச் சொல்வதுதான் அந்த வேகமான தள்ளு. ஆக, "மெதுவாகத்தானே செய்கிறோம்" என்பது முழு உண்மை இல்லை. நான்காம் படியில் விரல் நிற்கிற இடமும் எல்லையில்தான்.

மொபிலைசேஷனில் நீங்கள் நடுவில் நிறுத்தச் சொல்லலாம் என்பது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் வலித்தால்தானே நிறுத்தச் சொல்வீர்கள்? தளர்ந்துபோன தசைநார் வலித்துக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

அந்த "டக்" சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு விலகி இருந்தது, இப்போது உட்கார்ந்துவிட்டது என்று சொல்வார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழி உருவாகிற சத்தம் அது, விரலில் நெட்டி எடுக்கும்போது கேட்கிறதே, அதேதான். சத்தம் வந்தால் பலித்தது, வராவிட்டால் பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சத்தம் வரும்வரை விடமாட்டேன் என்று திரும்பத் திரும்ப முறுக்குபவரிடம் யாருமே கழுத்தைக் கொடுக்க வேண்டாம்.

சரி, உங்கள் கழுத்துக்கு வருவோம். மண்டையோட்டுக்குக் கீழே முதல் எலும்பு ஒரு வளையம் மாதிரி இருக்கும். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே கிளம்பி அந்த வளையத்துக்குள் நிற்கும். தலையை இடதும் வலதும் திருப்புகிறீர்களே, அதில் ஏறக்குறைய பாதித் திருப்பம் இந்த ஒரு மூட்டிலேயே நடந்துவிடுகிறது. அந்த முளை பின்னால் சாயாமல் இருக்க ஒரு தசைநார் பெல்ட் போல அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. பெல்ட்டுக்குப் பின்னால் தண்டுவடம். முடக்குவாதம் விரல் மூட்டுகளில் என்ன செய்கிறதோ அதையே இங்கேயும் செய்யக்கூடும்: அழற்சி அந்தப் பெல்ட்டைத் தளர்த்தும், முளையையும் அரிக்கும். அதற்கப்புறம் தலையைக் குனியும்போது மேல் வளையம் முன்னால் வழுக்கும், முளை தண்டுவடத்தை நெருங்கும். எல்லா முடக்குவாதக்காரர்களுக்கும் இது வராது, பலருக்கு நோய் கட்டுக்குள் இருக்கும். ஆனால் வந்திருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து விரலால் தடவிப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழுத்தை நேராக வைத்து எடுத்த படத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியலாம். பக்கவாட்டில், தலையை நீங்களே மெதுவாகக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படம்தான் வழுக்கலைக் காட்டும். வளையத்தின் முன்பகுதிக்கும் முளைக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது சாதாரணம் இல்லை. "நீங்களே குனிந்து" என்பதைக் கவனியுங்கள், வேறு யாரும் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது. எப்போது, எந்தப் படம் என்பதை உங்கள் முடக்குவாத மருத்துவர் முடிவு செய்யட்டும். விரல் மரத்துப்போவதைச் சொன்னால் அவர் எம்ஆர்ஐயும் கேட்க வாய்ப்பு அதிகம்.

முடக்குவாதம் மட்டும்தான் இந்த மேல் மூட்டைத் தளர்த்தும் என்றில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் பிறவியிலேயே இந்தத் தசைநார் தளர்வாக இருக்கலாம். நேர்மாறாக, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற முதுகெலும்பு அழற்சி நோயில் முதுகெலும்பு மூங்கில் கழி போல ஒட்டி இறுகிவிடும், இறுகினது பலம் என்று நினைக்காதீர்கள், சின்ன விசைக்கே முறியும்.

அடுத்தது விரல். மரத்துப்போவதற்குப் பல காரணங்கள் உண்டு, மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதே முடக்குவாதக்காரர்களுக்குச் சகஜம். அதுவாகவே இருக்கலாம். ஆனால் தண்டுவடம் நசுங்கும்போதும் ஆரம்பம் இப்படித்தான் இருக்கும், பெரிய வலியில்லாமல், கை கொஞ்சம் சொன்னபடி கேட்காமல். நான் நோயாளியிடம் முதலில் செய்யச் சொல்வது சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் திரும்பப் போடுவது. முன்பெல்லாம் பார்க்காமலே போட்டவர், இப்போது தாடையை மார்பில் இடித்துக்கொண்டு பொத்தானைக் குனிந்து பார்த்து, இரண்டு தடவை ஓட்டையைத் தவறவிட்டு, "வயசாயிடுச்சு" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அப்புறம் பத்து விநாடியில் எத்தனை தடவை முஷ்டியை முழுதாக மடக்கி முழுதாக விரிக்க முடிகிறது என்று எண்ணுவேன், சாதாரணமாக 20 தடவைக்குக் குறையாது. உங்களுக்கு விரல் மூட்டுகளே வீங்கி இருந்தால் இந்த எண்ணிக்கை ஏமாற்றும், அதனால் வீட்டில் செய்து பார்த்து நீங்களாக முடிவுக்கு வராதீர்கள். நடையில் தள்ளாட்டம், குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு ஷாக், இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் மதமதப்பு, இதில் ஒன்று இருந்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீராய்டு விஷயத்தில் நம் தமிழே ஒரு குழப்பம் செய்கிறது. எல்லாவற்றையும் "எலும்புத் தேய்மானம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வயதோடு மூட்டு விளிம்புகள் தேய்ந்து முண்டு முண்டாக வளர்வது ஒன்று, அது பெரும்பாலோருக்கு ஸ்கேனில் இருக்கும், அது மட்டும் இருப்பதால் கைச்சிகிச்சை கூடாது என்று கிடையாது. எலும்புக்குள்ளிருக்கும் அடர்த்தியே குறைந்து சல்லடையாகிற ஆஸ்டியோபோரோசிஸ் முற்றிலும் வேறு, அதில் வேகமான தள்ளு முதுகெலும்பை நசுக்கிவிடலாம், விலாவைக்கூட முறிக்கலாம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இந்த இரண்டாவது வகைக்கு வாய்ப்பு கூடுதல், முடக்குவாதமே அதற்கு ஒரு காரணம் வேறு. எலும்பு அடர்த்தி சோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அந்தப் பெயர். "தேய்மானம்னு சொன்னாங்க" என்று யாராவது என்னிடம் வந்தால் எந்தத் தேய்மானம் என்று ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்காமல் நான் மேசையில் படுக்கச் சொல்வதில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது கழுத்து ரத்தக்குழாய். முதுகெலும்புத் தமனி என்று இரண்டு உண்டு, கழுத்து எலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக ஏறி, உச்சி வளையத்தின் மேல் வளைந்து மூளைக்குள் போகும். அதன் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம், இளம் வயதிலேயே வரலாம். கழுத்தைத் திருப்புவதால்தான் கிழிகிறதா என்பதில் நீண்ட சண்டை நடக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவுகளை வைத்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தப் பக்கவாதத்துக்கு முன்னால் கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சிகிச்சை செய்பவரிடம், போனவர்கள் கணிசமாக இருந்தார்கள், ஆனால் சாதாரண மருத்துவரிடம் போனவர்களும் அதே மாதிரி இருந்தார்கள். அதாவது பலருக்குக் கிழிசல் முன்பே ஆரம்பித்து, அதனால் வந்த கழுத்து வலிக்குத்தான் சிகிச்சை தேடிப் போயிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். சில சிகிச்சையாளர்கள் இதைக் காட்டி "பாருங்கள், எங்கள் மேல் தப்பில்லை" என்பார்கள். எனக்கு இது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது: கழுத்து வலி என்று வந்து நிற்பவரின் வலியே கிழிசலாக இருக்கலாம், அதன் மேல் நான் தள்ளக் கூடாது. அமெரிக்க இதய சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையும், திருப்புவதற்கு முன்னால் இந்தத் தொடர்பை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது.

ஆகவே, இதுவரை வந்தே இராத மாதிரியான கழுத்து வலியோ தலைவலியோ புதிதாக, திடீரென்று வந்தால், கூடவே தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், ஒரு பக்க இமை இறங்குவது, முகம் மரப்பது இதில் எது இருந்தாலும் போக வேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. தலையைப் பின்னால் சாய்த்துத் திருப்பிப் பிடித்து, மயக்கம் வரவில்லை, அதனால் பயமில்லை என்று பழைய சோதனை ஒன்று செய்வார்கள். அதில் தேறினாலும் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது.

இடுப்பு, கீழ்முதுகு பக்கம் சுருக்கமாக: சிறுநீர் போவதில் மாற்றம், ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி குறைவது, இரண்டு காலும் பலவீனமாவது என்றால் அன்றே மருத்துவமனை. புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாக முதுகு வலி, ராத்திரியில் படுத்தாலும் தணியாத வலி, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்த வலி, அண்மையில் விழுந்தது, இவற்றில் படம் பார்க்காமல் யாரும் தொடக் கூடாது, முதுகெலும்புக் காசநோய்கூட இப்படி ஒளிந்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேகமான தள்ளு அவர்களுக்கு வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, கைச்சிகிச்சையே மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாத சாதாரண முதுகு வலிக்கு அது மற்ற நல்ல சிகிச்சைகள் அளவுக்கு உதவும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் தந்த வழிகாட்டுதலும் உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. செய்த பிறகு ஒன்றிரண்டு நாள் வலி, லேசான தலைவலி வருவது சகஜம். அதையும் மீறி மேலே சொன்ன அறிகுறி ஏதாவது வந்தால் திரும்ப அதே சிகிச்சையாளரிடம் "இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று போகாதீர்கள்.

உங்கள் சிகிச்சையாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடக்குவாதம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னீர்களா, அவர் கேட்டாரா? கேட்டும் திருப்பலாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கேட்கவே இல்லை என்றாலும் அதே பதில்தான்.

இந்த வாரமே முடக்குவாத மருத்துவரிடம் விரல் விஷயத்தைச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மசாஜ் செய்பவரிடமும் கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படத்தில் மேல் மூட்டு உறுதியாக இருந்து, விரலுக்கும் வேறு காரணம் கிடைத்துவிட்டால், கழுத்தை அசைக்காமல் உள்ளங்கைக்கு எதிராகத் தலையால் லேசாக அழுத்தும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். திருப்பி நெட்டி எடுப்பது உங்களுக்கு அப்போதும் வேண்டாம். இன்னொன்று, பலர் மறந்துவிடுவது: பல்லுக்கோ கண்ணுக்கோ எதற்காக மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும், முடக்குவாதம் இருக்கிறது, கழுத்தில் வலியும் இருக்கிறது என்று மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைக்கும்போது அவரும் உங்கள் தலையைப் பின்னால் சாய்ப்பார்.