கடல் அரிக்கிற இடத்துல மணல் கொட்டி செயற்கையா பீச் அமைச்சா நிக்குமா? டிசைன்ல எதைப் பார்க்கணும்?

நீங்க எங்கயோ மணல் கொட்டினதையும் ரெண்டு மாசத்துல பாதி காணாம போனதையும் பார்த்துட்டு கடுப்புல கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். காசைக் கடல்ல கரைச்சுட்டாங்கன்னு நானும் திட்டு வாங்கினவன்தான். டிசைன் பண்ணினவன் இல்ல, முதல்லயே சொல்லிடறேன், சர்வே டீம்ல ஆறு வருஷம் இடுப்பளவு தண்ணில கோல் பிடிச்சவன். படிச்சவங்க வந்து திருத்துங்க, கோச்சுக்க மாட்டேன்.

பீச்சுன்னா நாம கால் வைக்கிற காஞ்ச மணல் மட்டும் இல்லங்க. அலை மண்ணைப் புரட்டுற ஆழம் வரைக்கும் தண்ணிக்குள்ளயும் அது சரிவா போயிட்டே இருக்கும். மேல மேடு 2 மீட்டர், கீழ அந்த ஆழம் 6 மீட்டர்னு வைங்க, மொத்தம் 8. பீச் ஒரு மீட்டர் அகலமாகணும்னா கரையோரம் ஒவ்வொரு மீட்டருக்கும் 8 கன மீட்டர் மணல் வேணும். 30 மீட்டர் அகலத்துல ஒரு கிலோமீட்டர்னா 2,40,000 கன மீட்டர். அதுல கண்ணுக்குத் தெரியறது கால்வாசிதான். கொட்டும்போது எல்லாத்தையும் மேலயே குவிச்சு வைப்போம், முதல் பெரிய அலை சீசன்ல கடல் இழுத்து கீழ பரப்பிக்கும். அது திருட்டுப் போனது இல்ல, டிசைன்லயே இருக்கறது. இதை ஜனங்களுக்கு முன்னாடியே சொல்லாதது எங்க தப்பு.

ஆனா எங்க சைட்ல நிஜமாவே ஒரு தப்பு நடந்துச்சு. பழைய கரையில மணல் பருமன் 0.3 மில்லிமீட்டர், கடலடில மணல் எடுக்கப் போற இடத்துல மேலாப்ல அள்ளின சாம்பிளும் 0.3, சரின்னு ஓகே ஆயிருச்சு. ட்ரெட்ஜர், அதான் கடலடி மணலைத் தோண்டி பைப் வழியா கரைக்கு அனுப்புற கப்பல், ஆழமா தோண்டத் தோண்ட நைஸ் மண்ணா வர ஆரம்பிச்சுது. எங்க டீம்ல வயசான அண்ணன் ஒருத்தர், பைப் வாயிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி தண்ணி பாட்டில்ல போட்டு குலுக்கி மணல் மேல நட்டு வெச்சார். நல்ல மணல்னா உடனே கீழ உக்காந்துரும். நாங்க ஒரு லைன் முழுக்க அளந்துட்டு திரும்பி வந்தும் பாட்டில் கலங்கலாவே இருந்துச்சு. "தம்பி, இது நிக்காதுடா"ன்னார். எழுதியும் குடுத்தோம். ட்ரெட்ஜருக்கு நாள் வாடகை ஓடுதே, யார் நிறுத்துவா? லேப்ல 0.2ன்னு வந்துச்சு. 0.1 வித்தியாசம்தானேன்னு ஒருத்தர் சிரிச்சார். அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் டீன் 1977ல சொன்ன கணக்குல போட்டுப் பாருங்க, 6 மீட்டர் ஆழத்துக்கு இறங்க 0.3 மணலுக்கு சுமார் 330 மீட்டர் தூரம் போதும், 0.2 மணலுக்கு 465. அவ்ளோ தட்டையா படுத்துக்கும், கொட்டினதெல்லாம் தண்ணிக்குள்ள போயிரும், மேல நடக்க இடம் இருக்காது. எங்களுக்கு அதான் ஆச்சு.

நீளமும் பாருங்க. சின்னதா ஒரு துண்டு போட்டா ரெண்டு முனையிலயும் வழிஞ்சே காலியாயிரும், நீளத்தை ரெண்டு மடங்காக்கினா ஆயுசு நாலு மடங்கு வரும்.

"கல்லைக் கொட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்"னு கமெண்ட் போட இப்பவே ஒருத்தர் ரெடியா இருப்பார். கல்லு பின்னாடி இருக்கற ரோட்டைக் காப்பாத்தும்ங்க, முன்னாடி மணலைக் கொண்டு வராது. தூண்டில் வளைவு, அதான் கரையிலேர்ந்து கடலுக்குள்ள நீட்டிக் கட்டற கல் சுவர், போட்டா இந்தப் பக்கம் மணல் சேரும், அந்தப் பக்கத்துக்காரன் கரை போயிரும். மணல் கொட்டறது ஒரு தடவையோட முடியற வேலையும் இல்ல. நெதர்லாந்துல 2001லேர்ந்து வருஷத்துக்கு சுமார் 1.2 கோடி கன மீட்டர்னு கொட்டிட்டு வர்றாங்க. 2011ல சாண்ட் மோட்டார்னு ஒரே இடத்துல 2.15 கோடி கன மீட்டரைக் குவிச்சாங்க, காத்தும் அலையும் கரைச்சு பக்கத்துக் கரைக்குக் கொண்டு போகட்டும்னுதான்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்றேன். ஃபைனல் ரிப்போர்ட் வழவழ பேப்பர்ல வந்துச்சு, தண்ணில காலே வைக்காதவங்க புது ஹெல்மெட்டோட போட்டோல நிக்கறாங்க, பாட்டில் குலுக்கின அண்ணன் பேரு ஒரு மூலையிலகூட இல்ல. அவர் புரட்டிப் பார்த்துட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார்.

உங்க இடத்துல திட்டம் வருதுன்னா அகலம் எவ்ளோன்னு அப்புறம் கேளுங்க. மணல் எடுக்கற இடத்துல எத்தனை மீட்டர் ஆழம் வரைக்கும் துளை போட்டு சாம்பிள் எடுத்தீங்கன்னு முதல்ல கேளுங்க.