லிம்போமா கீமோ: 100.4 காட்டினால் கிளம்புங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களின் வீட்டிலிருந்து வந்தவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு 56 வயது. லிம்போமாவுக்கு 21 நாளுக்கு ஒரு முறை, ஐந்து மருந்துகள் சேர்ந்த ஆர்-சாப் கீமோ போடுகிறார்கள். இரண்டாவது முடிந்து பத்தாம் நாள் ராத்திரி உடம்பு சுட்டது. பாராசிட்டமால் கொடுத்தேன், இறங்கிவிட்டது. காலையில் போன் செய்து சொன்னால் நர்ஸ் சத்தம் போடுகிறார். ஒரு காய்ச்சலுக்கா இவ்வளவு?
வாசகி, தஞ்சாவூர்

நர்ஸ் சத்தம் போட்டதில் தப்பே இல்லை அம்மா. கீமோ போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை, கிருமிகளோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும். உங்கள் கணவருக்குச் சுட்டது சரியாக அந்த நாட்களில். வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் கூடப் பிடிக்காது, சளி தெரியாது, நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக வரலாம். காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளம், அதையும் மாத்திரை போட்டு இறக்கிவிட்டால் டாக்டருக்கு எதுவுமே தெரியாமல் போய்விடும். உள்ளே தொற்று அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தவர்களும் உண்டு.

அதனால் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கையை நெற்றியில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 100.4 டிகிரி காட்டினால், மணி ராத்திரி இரண்டானாலும், மாத்திரை போடாமல் கிளம்ப வேண்டியதுதான். காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் ஆர்-சாப்பில் இருக்கும் ஸ்டீராய்டு சில சமயம் காய்ச்சலை மறைத்துவிடும். கீமோ போடும் மருத்துவமனை தூரம் என்றால் முதலில் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக "கீமோ போட்டுப் பத்து நாள் ஆகிறது" என்று சொல்லுங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள், ஆனால் இவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

அப்புறம் அந்த ஒரு வாரம், ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் பார்க்க வரும் சொந்தக்காரர்களை நாசூக்காகத் தள்ளிப் போடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்பாவுக்குப் போடும் வின்கிறிஸ்டின் மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பதுதானாமே. எங்கள் வாசலில் பூத்துக் கிடக்கிறது. இலையைக் கஷாயம் வைத்துக் கூடவே கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமா? கீமோ வந்த பிறகு அவருக்கு விரல் நுனி மரத்துப்போகிறது, மலச்சிக்கல் வேறு. செடி மருந்து என்றால் பக்கவிளைவு இருக்காதே?
வாசகர், விருதுநகர்

செடியிலிருந்து வந்தது உண்மைதான். அப்பாவின் விரல் மரத்துப்போவதும் மலச்சிக்கலும் அந்தச் செடி மருந்தின் பக்கவிளைவுதான்!

1950களில் கனடாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த இலை சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்தார்கள். சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டபோது வெள்ளணு சரிந்து, கிருமி தொற்றி எலிகள் செத்துப்போயின. வெள்ளணுவை இப்படி அடிக்கிறதே என்று தேடிப் போய்த்தான் புற்றுநோய்க்கான மருந்தைப் பிடித்தார்கள். வின்கிறிஸ்டின் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை, அவ்வளவு கறாரான அளவு. உங்கள் கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏற்கெனவே வெள்ளணு இறங்கிக் கிடப்பவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம். செடி வாசலில் அழகுக்கு இருக்கட்டும்.

சரி, மரத்துப்போவதற்கு வருவோம். நம் ஊரில் ஆண்கள் இதை வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், கேன்சரே வந்தாயிற்று, விரல் மரத்தால் என்ன என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் கவனியுங்கள்: சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறாரா, பாக்கெட்டில் ரூபாய் நாணயத்தைத் துழாவிப் பிரித்தெடுக்க முடிகிறதா, நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் போகிறாரா. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பார், தேவைப்பட்டால் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்துவார். நரம்பு நிறையக் கெட்டுப்போன பிறகு சொன்னால் குணமாக மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகச் சரியாவதும் இல்லை. வெந்நீரில் கால் வைப்பதற்கு முன் வேறு யாராவது சூடு பார்த்துவிடுங்கள்.

மலச்சிக்கலுக்கு வாந்தி மாத்திரையான ஆன்டன்செட்ரானும் ஒரு காரணம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மலமிளக்கியை, கட்டிக்கொண்ட பிறகு தேடாமல் கீமோ அன்றைக்கே ஆரம்பியுங்கள். வாய்ப்பூஞ்சைக்கு யாராவது மாத்திரை எழுதினால் வின்கிறிஸ்டின் போகிறது என்று சொல்லிவிடுங்கள், சில பூஞ்சை மருந்துகள் இந்த நரம்புத் தொல்லையைக் கூட்டிவிடும்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கீமோவோடு ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. அந்த ஐந்து நாளும் தூக்கமில்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், நள்ளிரவில் பாத்திரம் தேய்க்கிறார். ஆறாம் நாள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். மனநிலை பாதித்துவிட்டதா?
வாசகி, கோயம்புத்தூர்

இல்லை, மாத்திரை செய்கிற வேலை. ஆர்-சாப்பில் பிரெட்னிசோலோன் என்ற இந்த ஸ்டீராய்டு வழக்கமாகத் தினம் 100 மில்லிகிராம், சாதாரணமாக மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் கொடுப்பதைவிட அதிகம். டாக்டர் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் முழு அளவையும் காலை டிபன் முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். பிரித்து இரவுக்கும் வைத்தால் பாத்திரக் கச்சேரி தொடரும். ஆறாம் நாள் சரிவு மாத்திரை நின்றதால் வருவது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளியும். ஆனால் புலம்பலோ சந்தேகமோ அளவு மீறினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காலையில் மாத்திரை போட்டால் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றில் பார்த்து 120 என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள், மாலையில் 350 இருக்கும். அந்த ஐந்து நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள்.

கீமோ முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தமா?
வாசகர், சேலம்

ஆர்-சாப்பில் இருக்கும் டாக்ஸோரூபிசின் மருந்தே சிவப்பு, அந்த நிறம்தான். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதற்கு மேலும் சிவந்தாலோ, எரிந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ உடனே சொல்லுங்கள், அதிலேயே இருக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற இன்னொரு மருந்து மூத்திரப்பையைப் புண்ணாக்கக்கூடியது. இருதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர் என்றால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது.

வாயெல்லாம் புண். எதைச் சாப்பிட்டாலும் இரும்பு மாதிரி இருக்கிறது. ரத்தம் ஏறப் பப்பாளி இலைச்சாறும் மாதுளையும் குடிக்கச் சொல்கிறார்கள்.
வாசகி, திருநெல்வேலி

பப்பாளி இலைச்சாறு டெங்கு காலத்தில் கிளம்பியது, உங்களுக்கு வேண்டாம். மாதுளையை நன்றாகக் கழுவி வீட்டிலேயே உரித்துச் சாப்பிடுங்கள், ஆனால் வெள்ளணு அதனால் ஏறாது. வாய்க்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் கரைத்துத் தினம் நான்கைந்து தடவை கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த கடை மவுத்வாஷ் எரியும். குழைந்த சாதம், ஆறிய இட்லி, வேகவைத்த முட்டை இறங்கும், காரத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை என்றால் அது வீட்டு வைத்தியத்துக்கான நேரமில்லை.

வயது 26. ஹாட்ஜ்கின் லிம்போமா, அடுத்த வாரம் ஏபிவிடி கீமோ ஆரம்பம். பின்னால் குழந்தை பிறக்குமா என்று அம்மா அப்பா எதிரில் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், சென்னை

தம்பி, ஏபிவிடிக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பி வந்துவிடும், ஆனால் உங்களுக்கு வரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. அதனால் முதல் கீமோவுக்கு முன்பே விந்தணுவை உறைய வைத்துவிடுங்கள், ஆரம்பித்த பிறகு எடுப்பது சரிவராது. நான்கைந்து நாளில் முடிகிற வேலை. அதற்கு அவகாசம் தர முடியுமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் அவரைத் தனியாகப் பாருங்கள், அப்பா அம்மாவை வெளியே உட்காரச் சொல்ல டாக்டருக்குத் தெரியும்.