வாங்காத அரிசிக்குப் பில் வந்தது. தெருவே எங்களைத் ‘திருட்டுக் குடும்பம்’ என்கிறது. நான் என்ன செய்வது?

கேள்வி:

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கணவர் வெளியூரில் கட்டட வேலை பார்க்கிறார். எங்களுடையது முன்னுரிமைக் குடும்ப அட்டை. நான்கு பேர் உள்ள கார்டில் குடும்பத் தலைவர் என் அம்மா, வயது 71. அவரால் அடிக்கடி நடக்க முடியாது என்பதால் ஸ்மார்ட் கார்டு பல மாதம் ரேஷன் கடையிலேயே இருந்தது. பழைய செல் நம்பர் போய்விட்டதால் மெசேஜும் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கார்டைத் திரும்ப வாங்கி, என் நம்பரைப் பதிந்தேன். அந்த மாதம் 29-ம் தேதி, புழுங்கல் அரிசி 20 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர் வாங்கியதாக மெசேஜ் வந்தது. நாங்கள் வாங்கவில்லை. அன்றைக்கு அம்மா இடுப்பு எலும்பு முறிந்து அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். கடையில் கேட்டால், “உங்க அம்மாதான் வந்து ரேகை வெச்சாங்க” என்கிறார் விற்பனையாளர்.

பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தெரு குடோனில் ரேஷன் அரிசி மூட்டைகள் பிடிபட்டன. உடனே தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எங்கள் கார்டின் படத்தைப் போட்டு, “ஓசி அரிசிய வாங்கி வித்துத் திங்கிற திருட்டுக் குடும்பம்” என்று எழுதிவிட்டார். தண்ணீர் பிடிக்கப் போனால்கூடப் பேச்சுக் கேட்கிறேன். இப்போது போலீஸிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லிப் போன் வந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு மிஞ்சிய அரிசி எட்டு கிலோவை அம்மா ஒரு முறை இட்லி மாவு விற்கும் அக்காவிடம் கொடுத்துக் காசு வாங்கினார். அதைச் சொல்ல வேண்டுமா? எங்கள் கார்டை ரத்து செய்துவிடுவார்களா?

பதில்:

சகோதரி, முதலில் ஒன்றைத் தெளிவாக மனதில் வையுங்கள். கார்டு உங்கள் குடும்பத்தின் பெயரில் இருப்பதாலேயே அந்த 20 கிலோவை எடுத்தவர் நீங்கள் ஆகிவிட மாட்டீர்கள். பில் என்பது ஒரு பதிவு. அந்தப் பதிவை யார், எப்படி உருவாக்கினார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் கடைக்காரர் வாயில் இல்லை, மிஷினில் இருக்கிறது.

இந்த மோசடி நடக்கும் விதம் தெரிந்தால் உங்களுக்குப் பயம் பாதி குறையும். ஒரு மாதம் ஒரு கார்டுக்குப் பொருள் வாங்காவிட்டால் அது கடையின் இருப்பில் நிற்க வேண்டும். எந்தக் கார்டுக்காரர் வரமாட்டார், யாருக்கு மெசேஜ் போகாது என்பது கடையில் இருப்பவருக்கு மனப்பாடம். மாதக் கடைசியில் அந்தக் கார்டுகளுக்குப் பில் போட்டால் கணக்கில் இருப்பு கழிந்துவிடும், மூட்டை மட்டும் கடையில் மிஞ்சும். அது பின்வாசல் வழியாக அரைவை மில்லுக்கோ, தீவனத்துக்கோ, எல்லை தாண்டியோ போகும். உங்கள் பில் 29-ம் தேதி விழுந்திருப்பதை நான் சாதாரணமாகப் பார்க்கவில்லை. கடையில் பல மாதம் கிடந்த கார்டு, செத்துப்போன செல் நம்பர், நடக்க முடியாத மூதாட்டி என்று மூன்றும் சேர்ந்த கார்டு இப்படிப்பட்டவர்கள் தேடுகிற கார்டு. நீங்கள் நம்பரை மாற்றியதைப் பில் போட்டவர் கவனிக்கவில்லை. அதனால்தான் விஷயம் வெளியே வந்தது.

“ரேகை வெச்சாங்க” என்கிறார் அல்லவா, அந்த ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ஆதார் இணையதளத்திலும் அதன் செல்போன் செயலியிலும் ‘அங்கீகார வரலாறு’ என்று ஒரு பகுதி உண்டு. கடந்த ஆறு மாதத்தில் அம்மாவின் ஆதாரை எந்த நிறுவனம், எந்த நேரத்தில், ரேகையாலா ஓ.டி.பி.யாலா சரிபார்த்தது என்பது அதில் வரிசையாக வரும். ஆதாரில் பதிந்த செல் நம்பர் கையில் இருக்க வேண்டும். அது பழைய நம்பர் என்றால் ஆதார் மையத்தில் முதலில் அதை மாற்றுங்கள். ஆறு மாதம் தாண்டினால் அந்தப் பதிவை உங்களால் பார்க்க முடியாது. ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது, ஆகவே இந்த வாரமே பாருங்கள். 29-ம் தேதி அம்மாவின் ரேகைப் பதிவே இல்லையென்றால் விற்பனையாளர் சொன்னது பொய். ரேகை விழாதவர்களுக்குக் கார்டை ஸ்கேன் செய்தும் ஓ.டி.பி. வாங்கியும் பில் போடுகிற வழி உண்டு. நல்ல நோக்கத்துக்காக வைத்த வழி அது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் முப்பது வருடம் செங்கல் சூளையில் கல் அடுக்கியவர். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் மிஷின் அவரை ஏற்கவில்லை. விரல் நுனியெல்லாம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. அவரைப் போன்றவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல் இருப்பதற்கான வழியை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அது இரட்டைக் குற்றம்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான டிஸ்சார்ஜ் சம்மரி உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய ஆதாரம். அனுமதித்த தேதி, வெளியே வந்த தேதி இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு ஜெராக்ஸ் எடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். வந்த மெசேஜை அழிக்க வேண்டாம், அந்தப் போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

அடுத்தது புகார். கடையில் நின்று வாய்ச்சண்டை போட்டது போதும், இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள்: கார்டு எண், பில் தேதி, பொருள், அளவு, அன்று அம்மா இருந்த இடம். கோபம் வேண்டாம், அடைமொழி வேண்டாம். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் சேர்த்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட். 1967 என்ற எண்ணுக்கும் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலும் அதே மனுவைக் கொடுக்கலாம். முகாமில் கொடுத்தால் போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. உங்கள் கார்டுக்குக் கடந்த இரண்டு வருடத்தில் விழுந்த ஒவ்வொரு பில்லின் தேதி, நேரம், சரிபார்த்த முறை, சரிபார்த்த உறுப்பினர் பெயர், பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-ன் 27-வது பிரிவு, பொது விநியோகப் பதிவேடுகள் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை. நகல் வரும்போது கையெழுத்துக் கட்டத்தை நன்றாகப் பாருங்கள். கைநாட்டு வைக்கும் ஒரு மூதாட்டியின் பெயருக்கு நேரே அழகான கையெழுத்து இருந்த பதிவேட்டை நானே ஒரு வழக்கில் பார்த்திருக்கிறேன்.

வட்ட அலுவலகம் அசையாவிட்டால், அதே சட்டத்தின் 15-வது பிரிவில் மாவட்டக் குறைதீர் அலுவலர் இருக்கிறார். அவர் முடிவிலும் குறை இருந்தால் மாநில உணவு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற கடை என்றால், கூட்டுறவுச் சங்கங்களின் இணைப்பதிவாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-ன்படி விசாரணை நடத்தி, இழப்பைச் சம்பந்தப்பட்டவரிடமே வசூலிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

இனி போலீஸ் விஷயம். ரேஷன் அரிசி பிடிபட்டால் வழக்கமாகக் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறைதான் வழக்குப் போடும். தமிழ்நாட்டின் 1982-ம் வருட அட்டை முறை விநியோக ஆணையும், அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955-ன் 7-வது பிரிவும் சேரும். தண்டனை மூன்று மாதத்திலிருந்து ஏழு வருடம் வரை. இதைப் படித்துப் பதறாதீர்கள். உங்களை அழைப்பது எந்த நிலையில் என்று முதலில் தெரிய வேண்டும். சாட்சியாக என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179-வது பிரிவின்படி எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். அதைவிட முக்கியம், பெண்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அம்மாவை வாக்கர் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் படியேற வைக்க வேண்டாம். “ஐயா, சம்மனை எழுத்தில் அனுப்புங்கள், வீட்டில் வைத்து விசாரியுங்கள், முழுதாக ஒத்துழைக்கிறோம்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். அதில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ யார் கேட்டாலும் கூடாது.

சந்தேக நபர் என்ற முறையில் நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். பணம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். உங்கள் நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அந்த எட்டு கிலோவைப் பற்றி மறைக்காமல் கேட்டீர்கள். நானும் மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று அரசு தருகிற அரிசியை விற்பது தவறுதான். மிஞ்சியது, கொஞ்சம்தான், எல்லாரும் செய்கிறார்கள் என்பதெல்லாம் சட்டத்தில் பதில் ஆகாது. ஆனால் அதற்கும் இந்த 29-ம் தேதி பில்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புகாரில் அதை எழுத வேண்டியதில்லை. விசாரணையில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அரசியல் சாசனத்தின் 20(3)-வது பிரிவு தரும் பாதுகாப்பு அது. “இதற்கு என் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றால் போதும். இனிமேல் அரிசி வேண்டாத மாதம் வாங்காமல் விடுங்கள். வாங்கி விற்க வேண்டாம்.

கார்டு ரத்தாகுமா என்றால், உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உங்கள் தரப்பைக் கேட்காமல் ரத்து செய்ய முடியாது. “விசாரணை முடியும்வரை உங்களுக்குப் பொருள் கிடையாது” என்று கடையில் வாய்மொழியாகச் சொன்னால் அதற்குச் சட்ட பலம் இல்லை. அன்றே அதையும் புகாராக எழுதுங்கள். முன்னுரிமை அட்டைக்கு உரிய தானியம் கிடைக்காமல் போனால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-வது பிரிவில் உணவுப் பாதுகாப்புப் படித்தொகை கேட்கவும் இடமிருக்கிறது. இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டை நீக்கிவிட்டார்கள், பட்டினியில் செத்தாள் என்றது குடும்பம். அரசு தரப்பு மறுத்தது. போலிகளைக் களையெடுக்கும் வேகத்தில் உண்மையான வயிறுகள் எப்படி அடிபடும் என்பது அந்த வீட்டை நினைத்தால் எனக்குத் தெரிகிறது.

வாட்ஸ்அப் குரூப்புக்கு வருகிறேன். மக்களுக்கு வரும் கோபம் நியாயமானது. வரிப்பணத்தில் வாங்கிய அரிசி லாரியில் போவதைப் பார்த்து யாருக்குத்தான் கொதிக்காது? ஆனால் அந்தக் கோபம் லாரிக்காரனை எட்டுவதில்லை, கடையில் பையோடு நிற்கிற பெண்ணின் மேல் விழுகிறது. உங்கள் தெருவில் எழுதியவரிடமும் ஒரு குடும்ப அட்டை இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் எல்லாருக்குமான திட்டம் இது, ஆசிரியரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே கடைக்குத்தான் வருகிறார்கள். ஓசி என்கிறார். அது உங்களுக்குச் சட்டம் எழுதித் தந்த உரிமை. தலை குனிய ஒன்றும் இல்லை.

சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிவு அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 356-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இதற்குப் போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், மாஜிஸ்திரேட் முன் நீங்கள்தான் தனி நபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். எழுதியவர் மேல் போடுங்கள், குரூப் அட்மினை விட்டுவிடுங்கள். அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவர் மேல் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லேயே சொல்லிவிட்டது. அனுப்பியவர் நம்பரும் தேதியும் தெரிகிறபடி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோர்ட்டில் அதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், வக்கீல் தயாரித்துத் தருவார்.

என் அபிப்பிராயம், உடனே வழக்குக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். பதிவை நீக்கி, அதே குரூப்பில் வருத்தம் தெரிவிக்கக் கேளுங்கள். பெரும்பாலும் நோட்டீஸிலேயே முடியும். உங்களுக்கு வேண்டியது அந்தத் தெருவில் நிமிர்ந்து நடப்பது, பத்து வருட வழக்கு அல்ல. ஆனால் நோட்டீஸில் ஒரு கேள்வியை மறக்காமல் சேருங்கள்: எங்கள் கார்டின் படம் உங்களிடம் எப்படி வந்தது? கார்டு பல மாதம் இருந்தது கடையில்தான். அந்தப் பதில் உங்கள் ரேஷன் புகாருக்கும் உதவும். வழங்கல் அலுவலர் விசாரணையில் பொய்ப் பில் உறுதியானால், ஏமாற்றுதல், நம்பிக்கை மோசடி, பொய் மின்னணுப் பதிவு ஆகியவற்றுக்குத் தனியாக வழக்குப் பதியலாம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

கடைசியாக அம்மாவின் பொருள். கார்டை இனி ஒருநாளும் கடையில் விட்டு வராதீர்கள். நடக்க முடியாதவர் சார்பில் வாங்குவதற்குப் பிரதிநிதிப் படிவம் இருக்கிறது, வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். கார்டில் உங்கள் பெயரும் இருப்பதால் உங்கள் ரேகையை வைத்தே நீங்கள் வாங்கலாம். இந்த மாதம் போய் வாங்கும்போது பில்லைக் கையில் வாங்கி, எடையைப் பார்த்து, மெசேஜ் வந்த பிறகு கடையைவிட்டு இறங்குங்கள்.